எல்லா வாளியிலும் யாழ்

குருநகரில் நீக்கிலாப்பிள்ளையின் வீட்டைக் கண்டுபிடிக்க யாரிடமும் வழி கேட்கத் தேவையில்லை. வாசல் படலையில் பெரிய யாழ் ஒன்றும் அதன் இரண்டு பக்கமும் பனைகளும் தூரிகையால் கீறியிருக்கும். உள்ளே போனால் கிணற்றுக்கட்டில் யாழ், வாளியில் யாழ், கேத்திலில், சைக்கிளின் பின் மட்கார்ட்டில், தலையணை உறையில், கோழிக்கூட்டின் கதவில் யாழ். ஒருமுறை ஆட்டின் விலாவிலும் கீறிவிட்டார். அடுத்த மழையில் அது கரைந்து, ஆடு ஒரு கிழமை நீலமாகத் திரிந்தது. கக்கூஸ் கதவில் கீறப் போனபோதுதான் அவருடைய மனைவி, நாங்கள் யோசப்பின் மாமி என்று கூப்பிடுபவர், தூரிகையைப் பறித்தார்.

"இஞ்சேருங்கோ, யாழ்ப்பாணத்துக்கு மரியாதை செய்யிறியளோ, மானத்தை வாங்கிறியளோ?"

"எங்கை இருந்தாலும் எங்கடை ஊர் எங்கடை ஊர்தான்."

மாம்பழத்தில்கூட அவருக்குப் பிடிவாதம். கறுத்தக்கொழும்பான் என்ற பெயரை வாயில் எடுக்கமாட்டார். சந்தையில் போய் நின்று, "கறுத்த யாழ்ப்பாணத்தான் என்ன விலை?" என்று கேட்பார். தெரிந்த வியாபாரிகள் சிரித்துக்கொண்டு நிறுத்துக் கொடுப்பார்கள். தெரியாத ஒருவர், "அப்பிடி ஒரு பழம் இஞ்சை வாறேல்லை ஐயா" என்று சொல்லிவிட்டால், வெறும் பையோடு திரும்பி வருவார்.

எங்கள் வீடு அவருடைய வீட்டுக்கு நாலாவது. எங்கள் வாளியிலும் யாழ் இருந்தது. யாரும் கேட்டு அவர் கீறியதில்லை. தண்ணீர் அள்ள வைத்த வாளியை எடுத்துப் போய், காய்ந்த பிறகு கொண்டுவந்து வைத்துவிடுவார்.

எழுபதுகளில் அவர் கொழும்பில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தவர். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியபோது கையில் ஒரு சாரமும் ஒரு தூரிகையும் மட்டும் இருந்தன என்று சொல்வார்கள். அங்கே என்ன நடந்தது என்பதை அவர் சொன்னதே இல்லை. யோசப்பின் மாமி ஒருநாள் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது தலை நிமிராமல் என்னிடம் சொன்னார். கடை வாசலில் ஒரு கூட்டம் அவரை மறித்து எந்த ஊர் என்று கேட்டது. அவர் சிங்களத்தில், நீர்கொழும்பு என்றார். கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்து, சிங்களக் கத்தோலிக்கர் என்று நம்பி அவரை விட்டார்கள். பிறகு, அவரோடு ஒரே அறையில் படுத்து எழும்பிய அரியாலைக்காரர் ஒருவரை இழுத்து வந்து, இவனைத் தெரியுமா என்று கேட்டார்கள்.

"தெரியாது எண்டு சொன்னவராம்," என்றார் மாமி. "அந்த ஆள் இவரைப் பாத்துக்கொண்டே போனவராம்."

 மாமி செதிள்களை வழித்துவிட்டுக் குடலைப் பூனைக்குப் போட்டார். அன்றிலிருந்து எங்கள் வாளியில் இருந்த யாழை என்னால் சிரித்துக்கொண்டு பார்க்க முடியவில்லை.

தொண்ணூறில் பொருளாதாரத் தடை வந்தது. சவுக்காரம், மண்ணெண்ணெய், பற்றரி எல்லாம் மறைந்தன. பெயின்றும் மறைந்தது. எங்கேயோ பூட்டிக் கிடந்த ஒரு களஞ்சியத்திலிருந்து நீக்கிலாப்பிள்ளை ஒரு பெரிய டின் நீலமும் ஒரு சின்ன டின் வெள்ளையும் எடுத்து வந்தார். உப்பில் ஊறி நிறம் போயிருந்த மீன்பிடி வள்ளங்களுக்கு அதைச் சும்மா பூசித் தருவதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை: எல்லா வள்ளத்தின் முன்பக்கத்திலும் யாழ் இருக்கவேண்டும்.

அதுவரை எங்கள் கரையில் ஒவ்வொரு வள்ளத்துக்கும் ஒரு நிறமும் ஒரு அடையாளமும் இருந்தன. அடைக்கலநாதனின் வள்ளம் சிவப்பு; முன்பலகையில் அந்தோனியார் கையில் வைத்திருக்கும் லீலிப்பூ. கத்தரீனா ஆச்சியின் மகன் சிமியோனின் வள்ளம் மஞ்சள். அதில் எங்கள் கோயில் புனிதரான யாகப்பரின் சிப்பி. அந்த அடையாளம் அழகுக்கு வைத்ததல்ல. கடலுக்குப் போன ஒருவர் திரும்பாவிட்டால், வள்ளத்தின் துண்டு ஒன்றாவது கரை சேரும்வரை அந்த வீட்டில் யாரும் கறுப்பு உடுக்கமாட்டார்கள். அவருக்கும் சேர்த்தே உலை வைப்பார்கள். துண்டு கிடைத்தால், அடையாளம் பார்த்து, உரியவர்கள் அதைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பூசை ஒப்புக்கொடுப்பார்கள். அழுகை அதற்குப் பிறகுதான்.

இளைஞர்களுக்கு நீக்கிலாப்பிள்ளையின் யோசனை பிடித்துவிட்டது. கத்தரீனா ஆச்சிக்குப் பிடிக்கவில்லை.

"தம்பி நீக்கிலா, உந்த வீணையின்ரை சத்தத்தை நீ ஒருக்காவாவது கேட்டனியோ?"

"வீணை இல்லையெணை, யாழ். இப்ப ஆரும் வாசிக்கிறேல்லை."

"ஆரும் வாசிக்காத சாமானுக்கோ யாகப்பரின்ரை சிப்பியைச் சுரண்டப் போறாய்?"

"ஆச்சி, சிப்பி கோயில்லை இருக்கு. கடலுக்கை போனா நாங்கள் எல்லாரும் ஒரு ஊர்ச் சனம்."

சிமியோன் சிரித்தான். "விடணை அம்மா. ஓசியிலை பெயின்ற் ஆர் தருகினம்?"

நீக்கிலாப்பிள்ளை அரைகுறை வேலை செய்யாதவர். பழைய நிறத்தின்மேல் புதியதைப் பூசினால் உரிந்துவிடும் என்று ஒவ்வொரு வள்ளத்தையும் மரம் தெரியும்வரை சுரண்டினார். தகரத்தில் ஒரு யாழை வெட்டி அச்சாக வைத்து வெள்ளை அடித்தார். மாலையில் வள்ளங்கள் வரிசையாக நின்றபோது கரையோரம் நடந்து பார்த்துவிட்டு, "ஒண்டுக்கும் மற்றதுக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் சொல்லுங்கோ பாப்பம்!" என்றார். யாராலும் சொல்ல முடியவில்லை. அன்றைக்குப் போல் அவர் சந்தோசமாக இருந்து நான் பார்த்ததில்லை.

அடுத்த வருடம் கார்த்திகை மாதத்தில் ஒரு விடியற்காலை அடைக்கலநாதனும் சிமியோனும் தனித்தனி வள்ளத்தில் போனார்கள். கிட்டக் கடல்தானே என்று கூட யாரையும் ஏற்றவில்லை. அன்று காற்றும் இருந்தது. கடல் பக்கம் வேட்டுச் சத்தமும் கேட்டது. இருவரும் திரும்பவில்லை.

சில நாள் கழித்துப் பக்கத்தில் உள்ள கொழும்புத்துறைக் கரையில் ஒரு பலகை ஒதுங்கியது. நீலப் பலகை. அதில் வெள்ளை யாழ்.

அதைக் கொண்டுவந்து நீக்கிலாப்பிள்ளையின் முற்றத்தில் கிடத்தினார்கள். இரண்டு வள்ளமும் ஒரே தச்சன் கட்டியவை, மரமும் ஒன்று. ஒரு பக்கம் அடைக்கலநாதனின் மனைவி ஸ்ரெல்லா, இடுப்பில் சின்னவனோடு நின்றாள். மறுபக்கம் கத்தரீனா ஆச்சி. பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். கறிச்சட்டி மாற்றிச் சாப்பிட்டவர்கள். இப்போது ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"தம்பி, நீ கீறினது," என்றார் ஆச்சி. "ஆற்ரை எண்டு சொல்லு."

அவர் குந்தியிருந்து கத்தியால் யாழின் ஓரத்தைச் சுரண்டினார். நீலம் போனது. அதன்கீழே ஒரு பொட்டுச் சிவப்போ மஞ்சளோ கிடைக்காதா என்று எல்லோரும் குனிந்தோம். வெறும் மரம்தான் தெரிந்தது. இன்னொரு இடத்தில் சுரண்டினார். அங்கும் மரம். அவர் நல்ல வேலைக்காரர்.

கத்தியைக் கீழே வைத்தார். 

"தெரியாது."

யோசப்பின் மாமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தார்.

ஸ்ரெல்லா சின்னவனோடு வீட்டுக்குப் போனாள். ஆச்சி நின்று, "உவருக்குத் தெரியும். ஒருத்தியை அழவிடாமக் காப்பாத்த ஒளிக்கிறார்," என்று ஊருக்குக் கேட்கச் சொன்னார். அதைத்தான் ஊரும் நம்பியது. தன் கையால் கீறியது ஒருவனுக்குத் தெரியாமல் போகுமா?

பலகையை இரண்டு பேரும் எடுக்கவில்லை. எடுத்தால் தன்னுடைய ஆள் செத்ததாகிவிடும். அது நீக்கிலாப்பிள்ளையின் சுவரில் சாய்ந்தே கிடந்தது. இரண்டு வீட்டிலும் ஒரு பிடி அரிசி கூடுதலாக வெந்தது.

"ஒரு பேரைச் சொல்லிவிடுங்கோவன்," என்று யோசப்பின் மாமி கெஞ்சியது எனக்கே கேட்டிருக்கிறது. "ஒரு வீடாவது அழுது முடிக்கட்டும்."

"ஒருக்காப் பொய் சொல்லித்தான் இஞ்சை வந்து சேந்தனான், யோசப்பின். இன்னொருக்கா ஏலாது."

அதன்பிறகு அவர் எதிலும் எதையும் கீறவில்லை. ஆனால் கீறியவை எங்கும் இருந்தன. தேத்தண்ணீர் குடிக்கும் பேணியில், படுக்கும் தலையணையில். காற்று அடித்தால் அந்தப் பலகை சுவரில் மெல்லத் தட்டும். அவர் எழும்பிப் போய், யாரோ வந்திருப்பதுபோலப் படலையைத் திறந்து பார்ப்பார்.

தொண்ணூற்றைந்து ஐப்பசிக் கடைசியில் ஆமி வருகிறது என்று யாழ்ப்பாணம் முழுவதும் ஊரை விட்டு வெளிக்கிட்டது. மழைக்குள், நாவற்குழிப் பாலத்தில், ஒரு அடி வைத்தால் அடுத்த அடி வைக்க நேரம் எடுத்தது. இருட்டில் எனக்கு முன்னாலும் பின்னாலும் தலைகளில் வாளிகளும் கேத்தில்களும் போயின. யாரோ ரோச் வெளிச்சம் அடிக்கும்போதெல்லாம் ஒரு யாழ் வெள்ளையாகத் தெரிந்து மறையும். அப்புறம் இன்னொன்று. எங்கள் தெருவே அந்தச் சனத்துக்குள் கலைந்து மிதந்து போவதுபோல் இருந்தது. நீக்கிலாப்பிள்ளை தலையைக் குனிந்தபடி சைக்கிளை உருட்டினார். அதில் உடுப்பு மூட்டை இல்லை. பலகையைக் கட்டியிருந்தார்.

கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இடம் கிடைத்தது. தண்ணீர் பவுசர் வண்டி வரும் என்று வாசலில் வாளிகளை வரிசையாக வைத்தோம். நிவாரணம் பார்க்க வந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி அவற்றைப் பார்த்துவிட்டு, இது எந்த நிறுவனத்தின் சின்னம், தங்களுக்கு முன்னால் வந்து யார் வாளி கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் அதை நீக்கிலாப்பிள்ளைக்குத் தமிழில் சொன்னேன்.

"சும்மா ஒரு படம் எண்டு சொல்லு பிள்ளை," என்றார்.

அன்று பின்னேரம் கத்தரீனா ஆச்சி அவருக்கு முன்னால் வந்து இருந்தார். நாலு வருடமாக அவரோடு கதைக்காதவர்.

"தம்பி, அந்தப் பலகையை எனக்குத் தா."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சிமியோன்ரை எண்டு வைச்சுக்கொள்ளுறன். நான் கிழவி, இனி ஆருக்காகக் காத்திருக்கப் போறன்? ஸ்ரெல்லாவுக்குப் பிள்ளையள் இருக்கு. அவள் பாத்துக்கொண்டு இருக்கட்டும்." முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "யாழைச் சுரண்டிப்போட்டுச் சிப்பியைக் கீறித் தா. கோயிலுக்குக் கொண்டுபோக வேணும்."

"ஆச்சி, அது உண்மையோ பொய்யோ எண்டு எனக்கு…"

"நான் உன்னட்டைக் கேட்டனானோ? கீறு."

 அவர் கத்தியை எடுத்தார். யாழ் துகள் துகளாக மடியில் விழுந்தது. அடுப்புக்கரியால் சிப்பியைக் கீறினார். அது கோணலாக வந்தது. ஆச்சி அதை மார்போடு அணைத்துக்கொண்டு, அங்கேயே, அத்தனை சனத்துக்கு நடுவில், முதன்முறையாக மகன் பெயரைச் சொல்லிக் கத்தினார்.

சத்தம் கேட்டு ஸ்ரெல்லா வந்தாள். பலகையில் இருந்த சிப்பியைப் பார்த்தாள். நிறையநேரம் பார்த்தாள். அவள் முகத்தில் வந்ததை நான் சந்தோசம் என்று எழுதமாட்டேன்.

"அப்ப… அவர் இருக்கிறார், என்ன? நீக்கிலா அண்ணை, சொல்லுங்கோ. வருவார் என்ன?"

அவர் மடியில் கிடந்த துகள்களைத் தட்டிவிட்டார். 

அவள் வாசலுக்கு ஓடிப்போய்த் தன் வாளியை எடுத்து, யாழ் தெருவைப் பார்க்கும்படி திருப்பி வைத்தாள். "எங்களைத் தேடிக்கொண்டு வந்தா அடையாளம் தெரிய வேணுமெல்லே?" வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் வரிசை முழுவதையும் பார்த்தாள். எல்லா வாளியிலும் அச்சொட்டாக அதே யாழ்.

நீக்கிலாப்பிள்ளை எழுந்து போனார். நிலத்தில் கிடந்த ஒரு ஆணியைப் பொறுக்கினார். ஸ்ரெல்லாவின் வாளியை மடியில் வைத்து, யாழுக்குக் கீழே, தகரம் கிரீச்சிட, ஒரு லீலிப்பூவைக் கீறத் தொடங்கினார். இதழ் இதழாக, அடைக்கலநாதனின் வள்ளத்தில் முன்பு இருந்ததைப்போல. கீறி முடித்து, தெருவைப் பார்க்க வைத்தார்.

பவுசர் வந்தபோது எல்லோரும் வாளிகளை எடுத்துக்கொண்டு ஓடினோம். ஸ்ரெல்லா அந்த வாளியை எடுக்கவில்லை. என்னிடம் ஒரு குடம் இரவல் கேட்டாள்.