பேஸ் சுகமா?

நல்லரத்தினம் இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவர். பயணிகள் அவரிடம் எதைச் சொல்லியும் தப்பலாம். தாழ்ந்த சுருதியில் அதிரும் பேஸ் வாத்தியத்தைக் கிற்றார் என்று சொல்லிவிட்டு மட்டும் தப்ப முடியாது. டிக்கட் கிழிப்பதை நிறுத்திவிட்டு விளக்கத் தொடங்கிவிடுவார். "கிற்றாருக்கு ஆறு தந்தி, இதுக்கு நாலு. கிற்றார் பாட்டோட கூடப் போகும். இது பாட்டத் தூக்கிக்கொண்டு போகும். ரெண்டும் ஒண்டில்ல." இந்தப் பிடிவாதம்தான் பிற்காலத்தில் அவரை ஜன்னல் இல்லாத ஓர் அறையில் கொண்டுபோய் உட்காரவைத்தது.

எழுபதுகளில் மட்டக்களப்புப் பக்கம் வசதியான கலியாணம் என்றால் மின்சாரக் கிற்றார்களோடு ஒரு கோஷ்டி வந்துவிடும். நல்லரத்தினமும் பழுகாமத்து வயற்காரர் சீனித்தம்பியும் அப்படியொரு கோஷ்டியில் வாசித்தவர்கள். சீனித்தம்பிக்குக் கிற்றார், இவருக்குப் பேஸ். சண்டை தொடங்கிய பிறகு இரவில் கலியாணம் வைக்க யாருக்கும் துணிவில்லை. கோஷ்டிகள் கலைந்தன. வாத்தியங்கள் அல்மாரிகளுக்கு மேலே ஏறின.

அவற்றைத் திரும்ப இறக்கியவர் நல்லரத்தினம். வாழைச்சேனை, வாகரைப் பாதையில் தினமும் போய்வருகிறவர். தெரிந்த முகம் ஏறினால், "அல்மாரிக்கு மேல பழசு ஏதும் கிடக்கா?" என்று கேட்பார். ஏறாவூரில் ஒரு புடவைக்கடைக்காரர் வீட்டில், வெள்ளைப் பொத்தான்கள் வரிசையாக வைத்த ஜப்பான் கிற்றார் ஒன்று கிடைத்தது. அவுஸ்திரேலியாவுக்குப் போன பறங்கிக் குடும்பம் ஒன்று தன் பேஸை அவரிடமே விட்டுப்போனது. எல்லாவற்றிலும் அருமையானது மாங்கேணியில் ஒரு மீனவர் வீட்டில் அகப்பட்டது. வாழைச்சேனைக் காகித ஆலையில் இயந்திரம் பூட்ட வந்த ஜேர்மன்காரர் ஒருவர் அறுபதுகளில் தன்னோடு கொண்டுவந்து, திரும்பும்போது விட்டுப்போன பேஸ் அது. வயலின் போல இடை சிறுத்தது, உள்ளே கூடானது, தூக்கினால் கையில் பாரமே தெரியாது.

எதைக் கண்டாலும் முதலில் கழுத்தைத்தான் பார்ப்பார். தச்சன் பலகை பார்ப்பதுபோல ஒற்றைக் கண்ணை மூடி நீளவாக்கில் பார்ப்பார். கழுத்து முறுகியிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுவார். நேராக இருந்தால் மற்றக் குறை எதுவும் அவருக்குக் குறையல்ல. தந்தியின் கீழே சத்தத்தைப் பிடிக்கும் பிக்கப்பில் கம்பி அறுந்திருந்தால், தலைமயிரிலும் மெல்லிய செப்புக் கம்பியை மனைவியின் தையல் மெஷினில் நூல் சுற்றும் சில்லில் கொடுத்துச் சுற்றுவார். முதல் மூன்றும் பாழாகி, நாலாவதில் கை பழகியது. பழைய வர்ணத்தின் மேல் புது வர்ணம் பூசமாட்டார்.

மின்சாரம் இல்லாத வேளைகளில் பேஸின் தலையை அல்மாரிக் கதவில் அழுத்திப் பிடித்துக்கொண்டு வாசிப்பார். மரம் அந்த அதிர்வை வாங்கி அறை முழுக்கக் கொடுக்கும். உள்ளே கிளாஸ்கள் கிணுகிணுக்கும்.

"அல்மாரிக்கு வயித்துவலி வந்தித்து" என்பார் மனைவி சின்னத்தங்கம், அடுப்படியில் இருந்தபடி. "கொஞ்சம் வேர்க்கொம்பு அவிச்சுக் குடுங்க."

அவர்களுடைய வீடு நாவலடியில், கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்திட்டில் இருந்தது. சுனாமி வந்த ஞாயிறு காலை நல்லரத்தினம் பஸ்ஸில் வாழைச்சேனையில் நின்றார். சின்னத்தங்கம் புளியந்தீவில் தங்கை வீட்டில் இருந்தார். அதனால் இருவரும் மிஞ்சினார்கள். பக்கத்து வீட்டில் கோஷ்டியின் ட்ரம் வாசித்தவரும் பிள்ளைகளும் மிஞ்சவில்லை. வீடு இருந்த இடத்தில் கிணற்றுக்கட்டு மட்டும் நின்றது.

சில நாள் கழித்து, தாழம்பற்றைக்குள் ஜப்பான் கிற்றார் சிக்கிக் கிடந்ததைக் கண்டார். மீனவர்கள் உப்புத்தண்ணி குடித்த என்ஜினை உடனே நல்ல தண்ணியில் கழுவுவதுபோல வாளி வாளியாக ஊற்றிக் கழுவினார். நிழலில் காயவிட்டார். பிசின் விட்டுக் கழுத்து கையோடு வந்தது. பிக்கப்பின் செப்பு பச்சையாகப் பூத்திருந்தது.

"மனிசர் போய்க் கிடக்கு," என்றார் சின்னத்தங்கம். "நீங்க கம்புக்குத் தண்ணி வாக்கிறீங்க."

அத்தனை பேர் செத்த ஊரில், என் வாத்தியங்களும் போயின என்று யாரிடம் போய்ச் சொல்வது? சீனித்தம்பி ஒருவரிடம்தான் சொன்னார். சீனித்தம்பி கேட்டுவிட்டு, "ஜேர்மன்காரன் என்னட்டயெல்லே கிடக்கான்" என்றார்.

உண்மைதான். ஊரில் ஒரு பகல் கலியாணத்துக்கென்று கார்த்திகையில் சீனித்தம்பி இரவல் வாங்கிப்போன ஜேர்மன் பேஸ், வாவியின் மேற்குக் கரையில் பழுகாமத்தில் பத்திரமாக இருந்தது. நல்லரத்தினம் அதைத் திருப்பி எடுக்கவில்லை. அவர்களுக்குக் கிடைத்தது தகரக் கூரை போட்ட தற்காலிகக் குடில். அந்த வெக்கையில் ஒரே மாதத்தில் பேஸ் வெடித்துவிடும். சீனித்தம்பியின் வீடு மண்சுவர், குளிர்ச்சியானது. நெல் கொட்டும் அறையில், காய்ந்த நெல்லுக்குள் புதைத்து வைத்தால் ஈரமும் அண்டாது.

அப்படியே வைத்தார்கள். வாரத்துக்கு ஒரு முறை சீனித்தம்பி கைத்தொலைபேசியில் கூப்பிடுவார். பெரும்பாலும் நல்லரத்தினம் பஸ்ஸில் நிற்கும் நேரமாக இருக்கும். பஸ்ஸின் இரைச்சலுக்கு மேலாக இவர் கத்துவார்.

"பேஸ் சுகமா?"

"சுகம், சுகம்."

"ஈரம் படாமப் பாத்துக்கொள். ஆருக்கும் காட்டாத. ஆரும் கேட்டா அப்பிடியொண்டு இல்லையெண்டு சொல்லு."

காட்டினால் யாராவது இரவல் கேட்பார்கள் என்பதுதான் அவர் பயம். ஆனால் அந்த வருடங்களில் இந்தப் பகுதியில் 'பேஸ்' என்ற சொல்லுக்கு வேறொரு பொருளும் இருந்தது. ஆயுதம் ஏந்திப் போராடிய இயக்கத்தின் முகாமை எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். மேற்குக் கரை அப்போது இயக்கத்தின் கையில் இருந்தது. பஸ் நிறைய ஆட்கள் இருக்க, பழுகாமத்தில் உள்ள பேஸைப் பற்றி ஒரு கொண்டக்டர் வாரம் தவறாமல் உரத்து விசாரித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாயிரத்து ஏழில் படையினர் மேற்குக் கரைக்குள் நுழைந்தார்கள். சனங்கள் வாவியைத் தாண்டி ஓடிவந்தார்கள். சீனித்தம்பி குடும்பத்தோடு குருக்கள்மடத்தில் ஒரு கூடாரத்தில் வந்து இருந்தார். தோணியில் பிள்ளைகளுக்கே இடம் போதவில்லை. பேஸ் நெல்லுக்குள் கிடந்தது.

சில வாரங்களின் பின், டிப்போவில் பஸ்ஸை விட்டு இறங்கிய நல்லரத்தினத்தை இரண்டு பேர் படைமுகாமுக்குக் கூட்டிப்போய், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் இருத்தினார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தமிழ் நன்றாகப் பேசினார்.

"பேஸ் எங்க?"

"பழுகாமத்தில சேர்."

கேட்டவர் பேனையை எடுத்தார். "ஆருட பொறுப்பில?"

"சீனித்தம்பியிட. எங்கட கோஷ்டிதான்."

"வேற பேஸ்?"

"இன்னொண்டு இருந்தது சேர், நாவலடியில. கடல் கொண்டுபோயித்து."

"நாவலடியில எந்த இடத்தில?"

"என்ட வீட்டு ஹோலில."

பேனை நின்றது. கேட்டவர் அவரை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். "பழுகாமத்துப் பேஸ் எங்க இருந்து வந்தது?"

"ஜேர்மனியில இருந்து."

"அங்க எத்தின போராளிகள்?"

அப்போதுதான் நல்லரத்தினத்துக்கு விளங்கியது. தனக்கு என்ன ஆகும் என்பதைவிட, சீனித்தம்பியின் பெயரைத் தன் வாயாலேயே கொடுத்துவிட்டோம் என்பது நெஞ்சில் கல்லாக ஏறி இருந்தது. அது ஒரு வாத்தியம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிந்திச் சொன்ன உண்மை, யோசித்துச் சொன்ன பொய்யைப் போலவே ஒலித்தது.

டிப்போவில் நடந்ததைக் கேள்விப்பட்ட சின்னத்தங்கம் விடியுமுன் காத்தான்குடிக்குப் போய் மஜீட்டின் கதவைத் தட்டினார். மஜீட் லவுட்ஸ்பீக்கரும், சத்தத்தைக் கூட்டும் அம்ப்ளிபயர் பெட்டியும் வாடகைக்கு விடுகிறவர். அந்தக் காலத்தில் கோஷ்டிக்கு அம்ப் கொடுத்தவரும் அவர்தான். கொழும்பில் வேலை செய்ததால் சிங்களம் தண்ணிபட்ட பாடு. அன்று காலையே முகாம் வாசலில் நின்று, மேலதிகாரியைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று இருந்துவிட்டார்.

உள்ளே விட்டார்கள். விஷயம் என்னவென்று கேட்டறிந்துகொண்டு மஜீட் சிங்களத்தில் விளக்கினார்: ஐயா, இந்த மனிதர் பாட்டுக்காரர், பேஸ் என்று சொன்னது ஒரு கிற்றாரை. அதிகாரியின் முகம் சற்றே இளகியது. நல்லரத்தினத்தின் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"கிற்றாரா?"

"கிற்றார் இல்ல சேர்," என்றார் நல்லரத்தினம். "பேஸ்."

மஜீட் நெற்றியில் கை வைத்தார். "யா அல்லாஹ். ரெத்தினம், உனக்குக் கையெடுத்துக் கும்பிடுறன், இண்டைக்கு ஒரு நாளைக்குக் கிற்றாரா இருக்கட்டும்."

"நாலு தந்திதானே நானா."

"நாலோ நாப்பதோ, வாயப் பொத்து."

என்ன சொன்னார் என்று அதிகாரி கேட்டார். மஜீட் மொழிபெயர்த்தார். அதிகாரி சிரிக்கவில்லை. அப்படியானால் அதைக் காட்டுங்கள் என்றார்.

வலையிறவுப் பாலம் தாண்டி ஜீப் போனது. நல்லரத்தினம் பின்னால் இருந்தார். பேஸ் அங்கே இருந்தால் வீட்டுக்குப் போகலாம். இல்லாவிட்டால் அடுத்து சீனித்தம்பியின் கூடாரத்துக்கு ஆள் போகும் என்று நினைத்தார். வழியில் வயல்வட்டை எல்லாம் அறுவடை இல்லாமல் சாய்ந்து கிடந்தது. ஊரில் மாடுகள் மட்டும் நடமாடின.

சீனித்தம்பியின் வீட்டில் ஒரு சிறிய படைப்பிரிவு தங்கியிருந்தது. நெல் அறைக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே நெல் இல்லை. மூலையில் கொஞ்சம் சிந்திக் கிடந்ததைக் காலால் கிளறினார்கள். வேறொன்றும் இல்லை. நல்லரத்தினம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் வீட்டின் பின்புறம் இருந்து அது கேட்டது. மெலிந்த, சுருதி தப்பிய, தாழ்ந்த ஒலி. நல்லரத்தினம் யாரையும் கேளாமல் நடந்தார். கிணற்றுக்கட்டில் இருந்த இளம் சிப்பாய் ஒருவன் மடியில் ஜேர்மன் பேஸ். கிற்றாரை மீட்டுவதுபோல நாலு தந்தியையும் சேர்த்து வாரிக்கொண்டிருந்தான். அதிகாரியைக் கண்டு எழுந்து விறைப்பாக நின்றான். எங்கே எடுத்தாய் என்று கேட்டதற்கு, நெல்லை அள்ளும்போது உள்ளே இருந்தது என்றான்.

மஜீட் இரண்டு கைகளையும் மேலே ஏந்தி முகத்தைத் தடவிக்கொண்டார்.

வாசித்துக் காட்டச் சொன்னார் அதிகாரி. நல்லரத்தினம் முதலில் கழுத்தைப் பார்த்தார், ஒற்றைக் கண்ணை மூடி. நேராகவே இருந்தது. தடித்த தந்தி அறுந்துபோய், அந்த இடத்தில் சைக்கிள் பிரேக் வயர் பூட்டியிருந்தது. அதை அவர் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றதை மஜீட் கண்டார். "ஒண்டும் சொல்லாத" என்றார் மெதுவாக. நல்லரத்தினம் மற்ற மூன்று தந்தியையும் சுருதி சேர்த்தார். பேஸின் தலையைக் கதவுப் பலகையில் அழுத்தி, பழைய கலியாணப் பாட்டொன்றின் அடி வரியை வாசித்தார். கதவு முழுவதும் பாடியது. அதிகாரி பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"கொண்டு போங்க," என்றார் தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில். "இதுக்கு வேற பேர் ஒண்டு வையுங்க."

குடிலுக்கு வந்ததும் அவர் செய்த முதல் வேலை பிரேக் வயரைக் கழற்றியது. சின்னத்தங்கம் சோறு போட்டுவைத்துக் காத்திருந்து, பிறகு தானும் வந்து பக்கத்தில் குந்தி, கழற்றிய ஆணிகளை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார்.

அடுத்த நாள் பேஸைத் துணியில் சுற்றிக் குருக்கள்மடத்துக்குக் கொண்டுபோனார். சீனித்தம்பி சந்தோஷப்படுவார் என்று நினைத்தார். சீனித்தம்பி அதைத் தொடவில்லை.

"என்ட பேரச் சொன்னியா?"

"தெரியாமச் சொல்லித்தன் மச்சான்."

"உன்னப் புடிச்ச ராவே ரெண்டு பேர் வந்து கூடாரம் கூடாரமா என்னத் தேடினாங்க. கடசிப் புள்ளையத் தூக்கிக்கொண்டு மலசலகூடத்துக்குள்ள நிண்டன்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். "எனக்கு நாலு புள்ளையள். இத இஞ்ச கொண்டு வராத. போனிலயும் அந்தப் பேச்சு வேணாம்."

அதன் பிறகு தொலைபேசி வருவது குறைந்தது. மழை எப்படி, உரம் கிடைக்குதா என்று பேசுவார்கள். சீனித்தம்பி பழுகாமத்துக்குத் திரும்பிப்போய் மறுபடி விதைத்தபோதும் அப்படித்தான். நல்லரத்தினத்துக்குக் கல்வீடு கிடைத்தது. பேஸை அதன் உள்ளறையில் வைத்து வாசித்தார். புதிதாக எதையும் தேடவில்லை. பஸ்ஸில் அல்மாரி பற்றிக் கேட்பதையும் விட்டிருந்தார். பயணி யாராவது பேஸைக் கிற்றார் என்றால், கேட்டுக்கொண்டு பேசாமல் டிக்கட் கிழித்தார்.

சண்டை முடிந்த வருடத்தின் கடைசியில் ஒரு மத்தியானம், பஸ் ஏறாவூரைத் தாண்டும்போது தொலைபேசி அடித்தது. சீனித்தம்பி.

"மூத்தவள் தனுஷியாக்குக் கலியாணம் மச்சான். வாற மாதம். ராவையில வைக்கிறம்."

"ராவையிலயா?"

"ஓம். லைற் போட்டு. மஜீட் நானாட்ட அம்புக்குச் சொல்லித்தன். நீ வெறுங்கையோட வராத."

நல்லரத்தினம் பஸ்ஸை ஒரு பார்வை பார்த்தார். நெருக்கிக்கொண்டு நின்றார்கள். வாயைக் கையால் மறைத்து, குரலைத் தாழ்த்தினார்.

"கிற்றாரையா கொண்டு வாற?"

மறுமுனையில் சீனித்தம்பி சிரிப்பது கேட்டது.

"கிற்றார் என்னட்டக் கிடக்கு. உனக்கென்ன, தந்தி எண்ணத் தெரியாதா? பேஸக் கொண்டு வா."

பழைய தொலைபேசி. சொன்னது வெளியே கேட்டது. முன் இருக்கையில் இருந்த பெண் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார். நல்லரத்தினமும் அவரைப் பார்த்தார். அந்தப் பெண் மடியில் இருந்த பையைச் சரிசெய்துகொண்டு, மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"பேஸ்தானே," என்றார் நல்லரத்தினம், பஸ்ஸின் இரைச்சலுக்கு மேலாக. "கொண்டு வாறன்."

செங்கலடியில் இறங்குகிறவர்கள் எழுந்துவிட்டார்கள். அவர் மணிக் கயிற்றை இழுத்தார்.