நான் எழுதிக் கொடுத்த இரண்டு துண்டுகள்

எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் சீனியர் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். இருபத்தைந்து வருஷமாக ஒரு நொத்தாரிசின் கந்தோரில் காணி உறுதி எழுதிக்கொண்டிருக்கிறேன். கிழக்கே இன்னாருடைய காணி, மேற்கே ஒழுங்கை என்று எல்லை எழுதத் தெரியும். அதற்கு அப்பால் சொந்தமாக ஒரு வசனம் எழுதிப் பழக்கமில்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவும் பழக்கமில்லை. இந்தக் கதையை என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்கவும் மாட்டேன்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு மூன்று நாலு வருஷங்களுக்கு முன் நடந்தது. அந்த நாளில் யாழ்ப்பாணத்துக் கல்லூரிகள் நாலு சேர்ந்து வருஷத்துக்கு ஒரு முறை மாதிரி வழக்குப் போட்டி வைக்கும். ஒரு கல்லூரி வழக்காளி பக்கம், மற்றது எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம். மாணவர்களே வாதாடும் அப்புக்காத்துமார், மாணவர்களே சாட்சிகள். கோட்டில் வழக்குப் பேசி இளைப்பாறிய பிரக்கிராசி ஒருவர் வந்து நீதவானாக இருந்து தீர்ப்புச் சொல்வார். எங்கள் ஊர்ச் சனத்துக்கு வழக்கு என்றால் சொல்ல வேண்டியதில்லை. திருவிழாவுக்கு வருவதுபோல் வருவார்கள். முன்பெல்லாம் இங்கிலீசில்தான் நடக்கும். அந்த வருஷம் முதல் முறையாகத் தமிழில் வைத்தபடியால் யன்னல்களிலும் ஆட்கள் தொங்கிக்கொண்டு நின்றார்கள்.

எங்கள் கல்லூரியின் அப்புக்காத்து என் வகுப்புக்காரன், மலாயாப் பென்சன்காரர் ஒருவரின் மகன். அவன் கதைத்தால் பின்வரிசை வாங்கில் நித்திரை கொள்கிறவனும் எழும்பிவிடுவான். அவனுக்கு உதவி அப்புக்காத்து நான். என் கெட்டித்தனத்தைக் கண்டு எடுக்கவில்லை. "எனக்குப் பக்கத்திலை வாய் திறக்காத ஒருத்தன் வேணும் சேர், உந்த ஊமையனைத் தாங்கோ" என்று வாத்தியாரிடம் கேட்டு எடுத்தான். வகுப்பில் நாலு வருஷமாக எனக்கு அதுதான் பெயர். சாட்சி சொல்வதைக் கவனித்து, கேட்க வேண்டிய கேள்வியைத் துண்டுக் கடதாசியில் எழுதி மேசையில் அவன் பக்கம் தள்ளிவிடுவது என் வேலை. என் கையெழுத்து அப்போதே அச்சுப்போல இருக்கும்.

கடைசி நாள் எங்களுக்கு எதிராக வந்த கல்லூரியின் முக்கியமான சாட்சி என் ஊரவன். ஐந்தாம் வகுப்பு வரை ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாங்கள். பிறகு அவனுக்கு அந்தக் கல்லூரியில் விடுதியில் இலவச இடம் கிடைத்தது. விடுமுறைக்கு மட்டும் ஊருக்கு வருவான்.

அவனுடைய தகப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த நாளில் யாழ்ப்பாணம் கோட்டு வாசலில் ஒரு வாகை மரம் நின்றது. அதன் கீழே நாலைந்து பேர் எப்போதும் இருப்பார்கள். வெள்ளை வேட்டி, சால்வை, நெற்றி நிறையத் திருநீறு. பார்த்தால் கோயில் மணியகாரர் என்று நினைப்பீர்கள். வழக்குக்காரர் யாராவது வந்து கூப்பிட்டால் எழுந்து போய், காணாததைக் கண்டேன் என்று சத்தியம் செய்து கூலி வாங்கிக்கொண்டு திரும்பவும் மரத்தடியில் வந்து இருப்பார்கள். அவனுடைய தகப்பன் அவர்களில் ஒருவர்.

எங்கள் வீட்டு வழக்கிலும் அவர் சாட்சி சொல்லியிருக்கிறார். என் தகப்பனார் கிழக்கு வேலியைப் பிரித்து அடைத்தபோது கதியால் தடிகளை ஒரு முழம் தள்ளி அயல் காணிக்குள் நட்டுவிட்டார். அயலவர் கோட்டுக்குப் போனார். எனக்கு அப்போது பதினாலு வயது. கோட்டு விறாந்தையில் நின்று பார்த்தேன். அந்த மனிதர் சாட்சிக்கூட்டில் ஏறினார். முன்னால் இருந்த கம்பியில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, அவசரமில்லாமல் சொன்னார்.

"அண்டைக்கு ஆடி அமாவாசை. கீரிமலையிலை என்ரை அப்பருக்குத் தர்ப்பணம் குடுத்துப்போட்டு இந்த ஒழுங்கையாலைதான் வந்தனான் ஐயா. வேலி பழைய இடத்திலைதான் நிண்டது. மூண்டாம் கதியாலிலை ஒரு ஓணான் இருந்தது. தகப்பனுக்குத் தண்ணி இறைச்ச கையாலை பொய் சொல்லுவனோ?"

நாங்கள் வென்றோம். அந்த ஒரு முழம் இன்றைக்கும் எங்களிடம்தான் இருக்கிறது.

போட்டி தொடங்குவதற்கு முன் நான் தண்ணீர் குடிக்கக் கிணற்றடிக்குப் போனேன். என் ஊரவனும் வந்தான். சுற்றிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தான்.

"மச்சான், உன்னட்டை ஒண்டு கேக்கவேணும். நான் இஞ்சை ஒருத்தருக்கும் எங்கடை அப்புவைப் பற்றிச் சொல்லேல்லை. மலாயாவிலை ரயில்வேயிலை எண்டு சொல்லியிருக்கிறன்."

நான் வாளியைக் கீழே வைத்தேன்.

"தையிலை இருந்து கீழ் வகுப்புக்கு வாத்தியாரா என்னை எடுக்கிறன் எண்டு பிரின்சிப்பல் சொல்லிப்போட்டார். அவர் முன் கதிரையிலை இருக்கிறார். குடும்பம் நல்லதோ எண்டுதான் முதல் கேட்டவர். நீ ஒண்டும் கதைச்சுப்போடாதை, என்ன?"

"ஓம்" என்றேன்.

"சத்தியமா?"

"ஓம்."

அவன் சிரித்தான். "உன்னைப்போல ஒரு ஆளிட்டைச் சொன்னால் பயமில்லை" என்றான்.

வழக்கு ஒரு கிடாய்க் களவு. எங்கள் கட்சிக்காரராகிய எதிரி அயலவரின் கிடாயைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார் என்பது குற்றச்சாட்டு. அதைக் கண்ட சாட்சி அவன். மேடையில் இரண்டு வாங்குகளைக் கட்டிச் சாட்சிக்கூடு செய்திருந்தார்கள். அவன் ஏறினான். எங்கள் அப்புக்காத்து சால்வையை உதறிக்கொண்டு எழும்பினான்.

"சாட்சியாரே, பொழுதுபட்ட நேரம் எண்டு சொன்னீர். கிடாயின்ரை நிறம் உமக்கு எப்பிடித் தெரிஞ்சது?"

"நிறம் நான் சொல்லேல்லை ஐயா. மணம்தான் சொன்னனான். கிடாய் மணம் இருட்டிலையும் தெரியும். உங்களுக்குத் தெரியாதோ?"

மண்டபம் சிரித்தது.

"அது இந்தக் கிடாய்தான் எண்டு என்ன நிச்சயம்?"

"இடது காது நுனி வெட்டுப்பட்டது. கழுத்திலை தும்புக் கயிறு, முடிச்சு ரெண்டு. எதிரியார் ஒருக்கால் தடக்கினவர். கிடாய் நிண்டு அவரைப் பார்த்தது. அப்புக்காத்து ஐயாவை இப்ப நான் பாக்கிறமாதிரி."

திரும்பவும் சிரிப்பு. முன் வரிசையில் அவனுடைய பிரின்சிப்பல் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். நீதவானாக இருந்த பிரக்கிராசியும் சால்வையால் வாயைப் பொத்தினார். எங்கள் அப்புக்காத்துக்குக் காது சிவந்துவிட்டது. என் பக்கம் குனிந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

"என்னடா ஊமையன், எழுதன் ஏதும். மை வத்திப்போச்சோ? உன்னைக் கூட்டிவந்த நேரம் ஒரு கிடாயைக் கூட்டி வந்திருக்கலாம்."

பின்னால் இருந்த எங்கள் பெடியங்களுக்கு அது கேட்டது. அவர்களும் சிரித்தார்கள்.

அப்போதுதான் பார்த்தேன். சாட்சிக்கூட்டில் அவன் முன்னால் கட்டியிருந்த தடியில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு நின்றான். கோட்டில் நான் கண்ட அதே இரண்டு விரல், ஓணானைச் சொன்ன அதே குரல். தகப்பனிடம் பிடித்துவிட்டான் என்று எனக்கு விளங்கியது. அது அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். கிணற்றடியில் 'ஓம்' என்று சொன்னது எனக்கு மறக்கவில்லை. மறந்துபோய் எழுதினேன் என்று சொன்னால் அது பொய்.

முதல் துண்டில் எழுதினேன்: "தகப்பன் என்ன தொழில் என்று கேள்."

எங்கள் அப்புக்காத்து வாசித்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். ஆனாலும் கேட்டான்.

"சாட்சியாரே, உம்முடைய தகப்பனார் என்ன தொழில்?"

எதிர்ப்பக்கத்து அப்புக்காத்து துள்ளி எழும்பினான். "கனம் நீதவான் அவர்களே, இது வழக்குக்குச் சம்பந்தமில்லாத கேள்வி!"

பிரக்கிராசி கையை அசைத்தார். "சாட்சி எப்பிடிப்பட்ட ஆள் எண்டு கேக்கலாம். இரும் தம்பி. சாட்சி, சொல்லும்."

அவன் மேசையில் கிடந்த துண்டைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"மலாயாவிலை. ரயில்வேயிலை வேலை."

"அப்பிடியோ? எங்கடை ஐயாவும் மலாயாவிலை ரயில்வேயிலைதான் இருந்தவர். உம்முடைய தகப்பனார் எந்த ஸ்ரேசன்?"

ஒரு ஊரின் பெயரும் அவனுக்கு வாயில் வரவில்லை. காணாத கிடாய்க்குக் காது வெட்டினவனுக்கு ஒரு ஸ்ரேசனின் பெயர் வரவில்லை. நான் இரண்டாம் துண்டை எழுதித் தள்ளினேன்: "கோட்டு வாசல் வாகை மரத்தடிச் சாட்சி."

எங்கள் அப்புக்காத்து அதை வாசித்தான். அவன் முகம் மலர்ந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவசரப்படாமல் துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"சாட்சியாரே, அந்த ஸ்ரேசன் எங்கடை கோட்டு வாசலிலை, வாகை மரத்துக்குக் கீழையோ இருக்கு?"

யன்னலில் நின்ற ஒருவர் முதலில் சிரித்தார். அதற்குப் பிறகு மண்டபம் முழுவதும் சிரித்தது. யாழ்ப்பாணத்தில் அந்த மரத்தைத் தெரியாத ஆள் யார்?

பிரக்கிராசி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அவனை நன்றாகப் பார்த்தார். "எட, நீர் அவரின்ரை மேனே? நானும் பாக்கிறன், உந்த விரலை எங்கையோ கண்டமாதிரிக் கிடக்கெண்டு!" அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சந்தோஷமாகத்தான் சொன்னார். "கொப்பர் நல்ல சாட்சி தம்பி. எனக்கு எத்தினை வழக்கு வெண்டு தந்த மனிசன்!"

சனம் வாங்கில் அடித்துச் சிரித்தது. "சத்தியம் பண்ணடா மேனே!" என்று யாரோ கூவினார்கள். "எங்கடை வழக்குக்கும் வாவன்!" என்றது இன்னொரு குரல். அவனுடைய பிரின்சிப்பல் சிரிக்கவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு எழும்பிப் பக்க வாசலால் வெளியே போனார். சாட்சிக்கூட்டில் நின்றபடி அவன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"வேறை ஏதும் சொல்ல இருக்கோ, சாட்சியாரே?" என்று எங்கள் அப்புக்காத்து கேட்டான்.

"இல்லை" என்றான். விரலைத் தடியிலிருந்து எடுத்துக்கொண்டான்.

எதிரி குற்றமற்றவர் என்று தீர்ப்பானது. கோப்பை எங்களுக்கு. எங்கள் பெடியங்கள் என்னைத் தூக்கினார்கள். நாலு வருஷத்தில் ஒருவரும் என்னைத் தொட்டதில்லை. "ஊமையன்ரை கையிலை கத்தி எல்லோ இருக்கு!" என்று அப்புக்காத்து கத்தினான். கோப்பையை என்னிடம்தான் தந்தார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்போது வெட்கமாக இருக்கிறது என்பதால் அன்றைய சந்தோஷத்தை நான் குறைத்து எழுத முடியாது.

பஸ்ஸுக்குப் போகும் வழியில் அதே கிணற்றடியில் அவன் முகம் கழுவிக்கொண்டு நின்றான். நான் தாண்டிப் போகப் பார்த்தேன். அவன் கூப்பிட்டான்.

"உங்கடை வேலி வழக்கிலை எங்கடை அப்பு சொன்னது எனக்கும் தெரியும். அப்பவே சொல்லித் தந்தவர்."

"ஓம்."

"கூட்டிலை நிண்டு நானும் அதைச் சொல்லியிருக்கலாம். உன்ரை ஐயாவின்ரை பேரும் நாறியிருக்கும்."

நான் நிலத்தைப் பார்த்தேன். அவன் என்னைக் காப்பாற்றினான் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"உன்னை நினைச்சு நான் வாயை மூடேல்லை" என்றான். "அதைச் சொன்னால் பொய்ச்சத்தியத்துக்கு எங்கடை அப்புவை மறியலிலை பூட்டுவினம். அதுக்குத்தான். உன்ரை ஐயா மறியலுக்குப் போனால் எனக்கென்ன? போடா."

கோப்பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன்.

கோப்பையை ஓர் இரவு வீட்டில் வைத்திருக்க வாத்தியார் விட்டிருந்தார். என் தகப்பனார் கோப்பையைத் தட்டிப் பார்த்தார். எப்படி வென்றீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் கோப்பையை நிலத்தில் வைத்தார்.

"விசரா, அவரை ஏன்ரா இழுத்தனி?" என்றார். "நாளைக்கு மேற்கு வேலி அடைக்கிறம். அதுக்கும் ஆள் வழக்குப் போட்டால் பிறகு ஆரிட்டை நான் போறது?"

மறுநாள் சனிக்கிழமை. விடியற்காலையில் மேற்கு வேலியைப் பிரித்தோம். நான் கயிறு பிடித்தேன், என் தகப்பனார் கதியால் நட்டார். முதல் பஸ்ஸில் அவன் விடுதிப் பெட்டியோடு வந்து இறங்கி எங்கள் படலையைத் தாண்டிப் போனான். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. வேலி இந்த முறை முக்கால் முழம் தள்ளி நின்றது.