பதினொரு வெள்ளைப் புள்ளிகள்

மாதாவை நம்பி வாழும் உங்களிடம் இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

1996, ஆடித் தள்ளுபடி நேரம். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் விற்பனையாளனாக இருந்தேன். ஒருநாள் காலை, அரக்குச் சேலை என் வலது கண்ணுக்கு வெளிறித் தெரிந்தது. அதே வாரம் இடது கால் மரத்து, கூட்டத்தின் நடுவே விழுந்தேன். ஸ்கேன் எடுத்தார்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார் நரம்பு டாக்டரம்மா. நரம்பின் மேலுறையை உடம்பே அரிக்கும் நோயாம். மூளையில் ஒன்பது வெள்ளைப் புள்ளிகள். எனக்கு வயது முப்பத்திரண்டு.

ஐந்து நாள் மருந்து ஏற்றினார்கள். மெல்ல மெல்லக் கண் தெளிந்தது. காலும் தேறியது. கடைக்கே திரும்பிவிட்டேன். அடுத்த மார்ச்சில் மறுபடி ஸ்கேன். ரிப்போர்ட்டைப் பஸ்ஸிலேயே பிரித்தேன். பதினொன்று என்று இருந்தது. இரண்டு கூடிவிட்டன! அப்படியானால் உடம்பு தேறியது பொய், படம்தான் நிஜம் என்று முடிவு கட்டினேன். சோறு இறங்கவில்லை. வேலையை விடுவதாகக் கடிதமும் எழுதிவிட்டேன்.

என் மனைவி ரோசி அதைப் படித்தாள். திட்டவில்லை. "டாக்டரம்மாவைப் பாக்காம நீங்களே தீர்ப்பு எழுதிக்கிட்டா எப்படிங்க? மொதல்ல மாதாகிட்ட போவோம், வாங்க" என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் பெசன்ட் நகர் மாதா கோவிலில் முழங்காலிட்டோம். குணமாக்கு என்று கேட்க எனக்கு நா எழவில்லை. "தாயே, இந்தத் தாள் என்ன சொல்லுதுன்னு புரிய வை. அது போதும்" என்றுதான் கேட்டேன்.

திங்கட்கிழமை அடையாறில் டாக்டரம்மாவைப் பார்த்தோம். எப்போதும் ஐந்து நிமிடம்தான் கிடைக்கும். அன்று எங்களுக்கு அடுத்தவர் வரவில்லை. அரை மணி நேரம் எங்களுக்கே! இரண்டு படங்களையும் விளக்குப் பெட்டியில் மாட்டி, என்னைப் பக்கத்தில் நிறுத்திக் காட்டினார். எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பயப்படக் கூடாதாம். சில புள்ளிகள் ஒன்றும் செய்யாமல் கிடக்குமாம். சின்னதாக ஒன்று இடம் பார்த்து வந்தால் காலை மடக்கிவிடுமாம். வீக்கத்தைக் காட்டும் மருந்தை ஊசியில் ஏற்றி எடுத்த முதல் படத்தில் மூன்று புள்ளிகள் பளிச்சென்று இருந்தன. அவை அப்போது உயிரோடு இருந்த வீக்கம். அதே ஊசி போட்டு எடுத்த புதுப் படத்தில் அப்படி ஒன்றுகூட இல்லை.

"புதுசா வந்த ரெண்டும் அடங்கிடுச்சு. நாளைக்கு எப்படின்னு நான் சொல்ல முடியாது. ஆனா இன்னிக்கு நீங்க நடக்கறது நிஜம்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் கேட்டது இதைத்தானே! கேட்டதை, கேட்டபடியே, இரண்டே நாளில் தந்தாள் தாய். ரோசி அழுதாள். நான் சிரித்துவிட்டேன். வேலையை விடும் கடிதத்தைக் கடையில் கொடுக்கவே இல்லை.

நோய் போய்விடவில்லை. அடுத்த வருடம் கை மரத்தது. மறுபடி மருந்து, மறுபடி தேறினேன். ஆனால் அன்றைய பயம் திரும்ப வரவே இல்லை. இப்போது சந்தேகங்களை எழுதி எடுத்துக்கொண்டுதான் டாக்டரம்மாவிடம் போகிறேன்.

உங்களில் யாராவது ஒரு ரிப்போர்ட்டைப் பீரோவில் ஒளித்து வைத்துக்கொண்டு தவிக்கிறீர்களா? எடுங்கள். அன்னையின் முன் விரித்து வையுங்கள். பிறகு டாக்டரிடம் கொண்டுபோய், புரியும்வரை கேளுங்கள். அவள் உங்கள் கூடவே வருவாள்.