நான் முறித்த காந்தம்

அறுபதுகளின் தொடக்கம். இலங்கையில், மாத்தளைக்கு அடுத்த பலாபத்வலைப் பக்கம் ஒரு சிறிய தமிழ்ப் பாடசாலையில் கணக்கு டீச்சராக இருந்தேன். ஒரே நீள மண்டபம். வகுப்புகளுக்கு நடுவே சுவர் கிடையாது. வித்தியாதரிசி பார்வையிட வரும்போதெல்லாம் ஹெட் மாஸ்டர் என் வகுப்பைத்தான் முதலில் காட்டுவார். எனக்கு அதில் நல்ல தலைக்கனம்.

அந்த வருடம் விஞ்ஞானம் படிப்பிக்க மாத்தளை டவுனிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். இரண்டே மாதத்தில் பிள்ளைகள் எல்லாம் அவர் பின்னால். றேடியோ திருத்தும் கடையில் ஒரு காந்தத்தை இரவல் வாங்கி, இரும்பு அறுக்கும் வாளின் அலகு ஒன்றை அதனால் ஒரே திசையில் தேய்த்துத் தேய்த்து, அதையும் காந்தமாக்கிவிட்டார். நூலில் கட்டித் தொங்கவிட்டால் அது ஆடி ஆடி வடக்கு தெற்காக நிற்கும். என் பிள்ளைகள் வாய்ப்பாட்டை விட்டுவிட்டு அதையே பார்ப்பார்கள். எனக்கு வயிறு எரியும்.

"இந்த முறை வித்தியாதரிசிக்கு காந்தப் பாடத்தக் காட்டுவோம்" என்றார் ஹெட் மாஸ்டர். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

வித்தியாதரிசி வரும் நாள் காலை, எல்லோரும் வெளியே தேவாரம் பாடிக்கொண்டிருந்த நேரம், அந்த டீச்சரின் மேசையில் வெண்கட்டிப் பெட்டிக்குள் இருந்த அலகை எடுத்து இரண்டாக முறித்து வைத்தேன். வடமுனை ஒரு துண்டோடும் தென்முனை மறு துண்டோடும் போய்விடும், இரண்டுமே ஒன்றுக்கும் உதவாது என்பது என் எண்ணம். இரவல் காந்தத்தை அவர் திருப்பிக் கொடுத்துவிட்டதும் எனக்குத் தெரியும்.

பாடம் தொடங்கியது. பெட்டியைத் திறந்தவரின் முகம் வாடியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

முன்வரிசைப் பிள்ளை ஒன்று அவர் காதில் ஏதோ சொன்னது. கேட்டுவிட்டு, ஒரு துண்டை நூலில் கட்டினார். அது வடக்கு தெற்காக நின்றது. மற்றத் துண்டையும் கட்டினார். அதுவும் அப்படியே நின்றது. ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு முனைகள்! பிறகு தொங்கிய துண்டின் வடமுனைக்குப் பக்கத்தில் மற்றதன் வடமுனையைக் கொண்டுபோனார், விலகி ஓடியது. தென்முனையைக் காட்டினார், வந்து ஒட்டிக்கொண்டது. ஒற்றைக் காந்தத்தை வைத்துக்கொண்டு இதைக் கரும்பலகையில் படமாகத்தான் காட்டியிருக்க முடியும். இரண்டாவது காந்தத்தை நானே செய்து கொடுத்திருக்கிறேன்!

"முறிச்சுக் காட்டுற யோசனை யாருது டீச்சர்?" என்று வித்தியாதரிசி கேட்டார்.

அவர் என் பக்கம் கையைக் காட்டினார். "இவங்கதான் சேர் முறிச்சுத் தந்தாங்க."

வித்தியாதரிசி பாடசாலையின் லொக் புத்தகத்தில் எங்கள் இருவரையும் பாராட்டி எழுதிவிட்டுப் போனார். நான் முறித்ததை அந்தப் பிள்ளைதான் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். பகல் இடைவேளையில் அவரிடம் போய், "மன்னிச்சிருங்க டீச்சர்" என்றேன்.

"ஒரே காந்தத்த வச்சு எப்படிச் சமாளிக்கிறதுன்னு பயந்துகிட்டுதான் வந்தேன் டீச்சர். வாங்க, சாப்பிடுவோம்" என்று சோற்றுப் பார்சலைப் பிரித்து எனக்கும் இடம் விட்டார்.

காந்தத்தைப் பார்த்துப் பட்ட பொறாமை அன்றோடு தீர்ந்தது. அந்த மனசு எனக்கு வாய்க்கவில்லையே என்ற பொறாமைதான் இத்தனை வருடமாகியும் தீரவில்லை.