பழுது இல்லை என்று எழுதியவர்

பணிமனையில் அவருக்குப் பட்டப்பெயர் ‘புயல்’. பேருந்தை வேகமாக ஓட்டியதால் வந்த பெயர் அல்ல. கடைசி நிறுத்தத்தில் வண்டி நின்றதும் குதித்து ஓடுவாரே, அதனால் வந்தது. ஓட்டம் கழிப்பறைக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். போகும்போது ரத்தமும் சேர்ந்து போகிறது என்பது மனைவி ஒருத்திக்குத்தான் தெரியும்.

பெருங்குடலில் புண், அழற்சி என்றார் டாக்டரம்மா. வந்து போகிற நோய் இல்லையாம், கூடவே இருக்குமாம், அடக்கி வைக்கலாமாம். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். மனிதர் குழம்பிப் போனது அங்கேதான். ஒட்டிக் கிடந்த கன்னம் மாத்திரை உள்ளே போனதும் உப்பிக்கொண்டது. அகோரப் பசி வேறு.

“புது மாப்பிள்ளை மாதிரி இருக்கியேப்பா” என்றார் நடத்துநர்.

இது தேறுவதா, வீங்குவதா? டாக்டரம்மாவைக் கேட்டால் “ரெண்டும்தான்” என்கிறார். இப்படிச் சொன்னால் மனுஷன் எதைத்தான் நம்புவது?

“தினமும் எத்தனை தடவை போறீங்க, ரத்தம் இருக்கா இல்லையா, எல்லாத்தையும் இந்த நோட்டுல எழுதிட்டு வாங்க. அதப் பாத்துத்தான் மாத்திரையைக் குறைக்கணும்” என்றார் டாக்டரம்மா.

ஐயா எழுதவும் செய்தார். எப்படி எழுதினார் என்பதுதான் கூத்து. பணிமனையில் வண்டியை ஒப்படைக்கும்போது ஒரு தாள் நிரப்ப வேண்டும். ‘பழுது’ என்ற கட்டத்தில் எதையாவது எழுதிவிட்டால் வண்டி ஷெட்டில் நின்றுவிடும், மறுநாள் இவர் வண்டியில்லாமல் பெஞ்சில் உட்கார வேண்டும். அதனால் பிரேக் கிறீச்சிட்டாலும் ‘பழுது இல்லை’ என்று எழுதிவிட்டு, மெக்கானிக்கிடம் வாயால் சொல்லிவிடுவார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். டாக்டரம்மாவின் நோட்டிலும் கை அதையே எழுதியது. வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் போவார். அங்கே போனால் கூச்சத்தில் நாக்கு எழாது. நோட்டு சுத்தமாக இருக்க, மாத்திரையும் குறைந்துகொண்டே வந்தது.

மூன்றாம் மாதம் ஒரு நாள், பயணிகளோடு வண்டியை நடுவழியில் ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங்கிலேயே சாய்ந்துவிட்டார். காய்ச்சல், வயிறு கல்லாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

“மூணு நாள் ஊசியில பாப்போம். அடங்கலைன்னா பெருங்குடலை எடுத்துடணும். மலம் வெளியே வர வயித்துல பை வெச்சுடுவோம். விட்டா குடல் கிழிஞ்சுடும்” என்ற டாக்டரம்மா, நோட்டை எடுத்துக் காட்டினார். “இதை நம்பித்தானே குறைச்சேன்?”

மனைவி கைப்பையிலிருந்து காலண்டர் தாள்களை எடுத்தாள். கழிப்பறைத் தாழ்ப்பாள் விழும் ஒவ்வொரு சத்தத்துக்கும் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள். நோட்டில் ‘பழுது இல்லை’ என்றிருந்த தேதியில் ஒன்பது கோடுகள்.

“அவரும் இதையேதான் எழுதுறார்னு நெனச்சேன் டாக்டர்” என்றாள். அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

மூன்றாம் நாள் காலை டாக்டரம்மா வந்து, “நேத்துலேருந்து எத்தனை தடவை?” என்று கேட்டார்.

கூட்டிச் சொன்னால் கத்தி. குறைத்துச் சொன்னால் ஊசி தொடரும், குடல் பிழைக்கலாம், கிழியவும் கிழியலாம். எந்தப் பொய் தனக்கு லாபம் என்றே அவருக்குப் புரியவில்லை. மனைவியைப் பார்த்தார்.

“பென்சில் கொண்டு வரல. நீங்களே சொல்லுங்க” என்றாள் அவள்.

‘நாலு’ என்று நாக்கு நுனி வரை வந்தது. “பதினொண்ணு. ரத்தமும் போகுது” என்றார்.

டாக்டரம்மா குறித்துக்கொண்டார். “அப்ப ஆபரேஷன்தான்” என்றார்.

“அப்புறம் பஸ் ஓட்டலாமா மேடம்?”

“ஆறினதும் ஓட்டலாம். கடைசி ஸ்டாப்ல குதிச்சு ஓட வேண்டியிருக்காது.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை அவருக்கு. நர்ஸ் சம்மதத் தாளை நீட்டினாள். கையெழுத்துக்கு மேலே ஒரு கட்டம்: ‘வேறு ஏதேனும் தொந்தரவு உண்டா?’ கை தன் பாட்டுக்குப் ‘பழுது’ என்று ஆரம்பித்தது. நிறுத்தினார், அடித்தார், பக்கத்தில் நிதானமாக எழுதினார்: ‘பயமாக இருக்கிறது.’