கல்லாய்ப் போன தீனிப்பை

குன்னூரில் இரண்டு நாளாக விடாத மழை. அட்டைப்பெட்டிக்குள் கிடந்த கோழியின் கழுத்தடியைத் தொட்டேன். வெந்நீர் புகட்டியும் தீனிப்பை இளகவில்லை, கல் மாதிரி இருந்தது. எரிச்சலாக வந்தது. எட்டு வயதில், குந்தா மின்வாரியக் குவார்ட்டர்ஸில், எங்கள் வீட்டுக் கோழி ஒன்றின் கழுத்தடியில் இதே கல்லை என் விரல் தொட்டிருக்கிறது.

அம்மா அந்தக் கோழியை விறகடுப்புக்குப் பக்கத்தில் சாக்கில் சுற்றி வைத்திருந்தாள். விறகுப் புகையும் ஈர இறகுமாக வீடே நாறியது. "ஒரு பருக்கை போடக்கூடாது, தண்ணி மட்டுந்தான்" என்று சொல்லியிருந்தாள். கோழி என்னையே பார்த்தது. அம்மா குளிக்கப் போகும்போதெல்லாம் அரிசி ஊட்டினேன்.

மூன்றாம் நாள் அம்மா கோழியைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள். டாக்டர் லீவு. திரும்பும் வழியில் அது செத்தது.

"தண்ணிதானே குடுத்தேன், எப்படி எறங்காமப் போச்சு?" என்று நாள்கணக்கில் புலம்பினாள்.

இன்றுதான் போனில் அம்மாவிடம் அரிசி ஊட்டியதைச் சொல்லிவிட்டேன்.

"இப்பச் சொல்றியாக்கும்! அன்னிக்கே சொல்லியிருந்தா எண்ணெய் உட்டு நீவியே காப்பாத்தியிருப்பேனே!" அம்மா போனை வைத்துவிட்டாள்.

எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது மறுபடி அழைத்தாள்.

"சொட்டுச் சொட்டா உடோணும். அவசரப்படாதே."