மாவு அரிப்பு

பிள்ளைக்கு இரண்டரை வயது. வீட்டில் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது அந்த வாலுத்தனமெல்லாம் எங்கேயோ ஓடிப்போய், அவளுக்கு ஒரே வேலை சொறிவதுதான். இடுப்பில், அக்குளில், மணிக்கட்டில், விரலிடுக்கில் என்று சிவப்புச் சிவப்பாய்ப் பொரிந்து கிடந்தது. நகம் பட்ட இடமெல்லாம் ரத்தக்கோடு.

அவள் அம்மாவுக்குக் காலுறைத் தொழிற்சாலையில் ஜோடி சேர்க்கிற வேலை. நீளம் பார்த்து, நிறம் பார்த்து, இரண்டிரண்டாக எடுத்து அட்டையில் மாட்ட வேண்டும். ராத்திரியெல்லாம் பிள்ளையோடு விழித்திருந்த கண்ணுக்கு நிறமா தெரியும்? சாம்பலையும் கறுப்பையும் சேர்த்து மாட்டிவிட்டாள்.

"ஏம்மா, இதைப் போட்டுக்கிட்டு போறவன் வலதைப் பாத்து சிரிப்பானா, இடதைப் பாத்து அழுவானா?" என்றார் மேற்பார்வையாளர். சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவளுக்கு அழுகைதான் வந்தது.

வைத்தியம் சொல்ல ஆளுக்கா பஞ்சம்? முட்டைதான் காரணம் என்றாள் நாத்தனார். முட்டையை நிறுத்தினாள். பால் என்றாள் எதிர்வீட்டுக்காரி. ஒரு வாரம் பாலையும் நிறுத்தினாள். பிள்ளை இளைத்ததுதான் மிச்சம். சோப்பை மாற்றினாள், துணி துவைக்கிற தூளை மாற்றினாள், கம்பளிப் போர்வையைத் தூக்கிப் பரண்மேல் போட்டாள். அரிப்பு ஒரு பொட்டும் குறையவில்லை.

கடைசியில் டாக்டரம்மா பிள்ளையின் விரலிடுக்கைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "இது சிரங்கு. கண்ணுக்குத் தெரியாத பூச்சி தோலுக்குள்ள வளை தோண்டுது. இந்த மருந்தைக் கழுத்துல இருந்து உள்ளங்கால் வரைக்கும் தடவணும். ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை. பிள்ளைக்கு மட்டும் இல்ல, வீட்டுல இருக்கிற எல்லாரும், ஒரே நாள்ல."

எல்லாரும் என்றால் மூன்றே பேர். அவள் பிள்ளைக்குத் தடவினாள், தானும் தடவிக்கொண்டாள். கணவரும் தடவிக்கொண்டேன் என்றார். படுக்கை விரிப்பு, துண்டு எல்லாவற்றையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு முக்கி எடுத்தாள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. பத்துப் பதினைந்து நாள் பிள்ளை நிம்மதியாக இருந்தது. பிறகு, பழைய குருடி கதவைத் திறடி என்கிற மாதிரி, மறுபடியும் அதே பொரி.

அவளுக்கு வந்த கோபத்தில் நேராகக் குழந்தைக் காப்பகத்துக்குப் போனாள்.

"அக்கா, உங்க இடத்துல இருந்துதான் இது ஒட்டிக்கிட்டு வருது. வேற எங்க போறா என் பொண்ணு?"

காப்பகத்து அக்கா அவளை உள்ளே கூட்டிப்போனாள். மற்ற ஒன்பது பிள்ளைகளையும் வரிசையாக உட்காரவைத்து, கையை நீட்டச் சொன்னாள். பதினெட்டு கையும் வெண்ணெய் மாதிரி இருந்தது.

"நல்லா பாத்துக்கோ. இப்ப வீட்டுக்குப் போயி அங்க இருக்கிற கையையும் பாரு. வந்துட்டா, வாயைக் கொடுக்க!"

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. வீட்டில் வேறு எந்தக் கை? அவளுடைய கையைத் தினம் பார்க்கிறாள். மிச்சம் ஒன்றுதான்.

அவள் கணவர் ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவர். விடியுமுன் போய் மதியம் திரும்புகிறவர். அன்று அவர் வந்து உட்கார்ந்ததும், "கையைக் காட்டுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"காட்டுங்கன்னா காட்டுங்க."

விரலிடுக்கெல்லாம் பொரிப்பொரியாய், சொறிந்து தடித்துக் கிடந்தது.

"அது மாவு அரிப்பு," என்றார் அவர், கால் நீட்டிக்கொண்டே. "ரொட்டி போடுற எல்லாருக்கும் இருக்கும். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவருக்கும் இருந்துச்சு. பதினாலு வருஷமா வருது, போகுது."

"மருந்து தடவுனேன்னு சொன்னீங்களே?"

"தடவுனேன். உடம்பு பூரா தடவுனேன். கையை மட்டும் விட்டுட்டேன். மருந்துக் கையோட மாவு பிசைஞ்சா, திங்கிறவன் என்னைச் சும்மா விடுவானா?"

"அந்தக் கையாலதானே அவளைத் தூக்குனீங்க!"

அவர் பிள்ளையைப் பார்த்தார். அது சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

மறுநாள் அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "மாவு அரிப்பும் இருக்கலாம்யா, இல்லேன்னு சொல்லல. ஆனா மாவு இப்படித் தோலுக்குள்ள கோடு கிழிக்காது. மருந்து போட்டு முடிக்கிற வரைக்கும் மாவுல கை வைக்காதீங்க," என்றார். "பூச்சி செத்தாலும் அரிப்பு ரெண்டு மூணு வாரம் இருக்கும். பதறக் கூடாது."

அவர் கடைக்கு லீவு சொன்னார்; பிள்ளையும் காப்பகத்துக்குப் போகவில்லை. இந்த முறை அவள் யாரையும் நம்பவில்லை. பிள்ளைக்கும் தனக்கும் தடவி முடித்து, அவரை முக்காலியில் உட்காரவைத்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்து, நகக்கண் வரைக்கும் அவளே தடவினாள். தண்ணீர் குடிக்கக்கூட அவள்தான் டம்ளரைப் பிடித்தாள்.

"கை கழுவணுமே," என்றார் ஒரு தடவை.

"கழுவுனா மறுபடியும் தடவுவேன். எத்தனை தடவை வேணும்னாலும் போய்க் கழுவுங்க."

அவர் கழுவவில்லை.

நாலாம் நாளும் பிள்ளை சொறிந்தது. "பாத்தியா, இந்த மருந்தும் வேலை செய்யல," என்று ஆரம்பித்தவர், அவள் முறைத்த முறைப்பில் பாதியிலேயே முழுங்கிவிட்டார். எட்டாம் நாள் அவள் மறுபடியும் மூன்று பேருக்கும் தடவினாள்.

பதினேழாம் நாள் மதியம், வாலு கொடியில் துணி மாட்டுகிற கிளிப்புகளை ஒன்றோடொன்று கோர்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கை பிடிக்க, ஒரு கை மாட்ட, வரிசை நீண்டுகொண்டே போனது. கடைசிக் கிளிப்பு வரைக்கும் ஒரு கைகூட உடம்புப் பக்கம் போகவில்லை. அம்மா வாசற்படியில் நின்று பார்த்தாள். கணவரோடு இன்னும் சரியாகப் பேச்சு வார்த்தை இல்லை; அதனால் அவரைக் கூப்பிட்டுக் காட்டவில்லை.

காப்பகத்து அக்காவிடம்தான் முதலில் போய்ச் சொன்னாள்.

"சரி, சரி," என்றாள் அக்கா. "நாளைக்கு அனுப்பு. கையைப் பாத்துட்டுத்தான் உள்ள விடுவேன். உன் வீட்டுக்காரர் கொண்டுவந்து விட்டா, அவரு கையையும்."